டொக்டரைக் கேளுங்கோ: பசிக்கேல்லை எண்டால் உடன ரொனிக்கோ?

இந்த மாசம் வந்த கடிதங்களில முக்கால்வாசி வயித்துக்கதைதான். "பசிக்கேல்லை" எண்டு தொடங்கி "என்ன குளிசை போடலாம்" எண்டு முடிச்சிருக்கிறீங்கள், எப்ப தொடங்கினது, நிறை குறைஞ்சதோ, வேற என்ன மருந்து எடுக்கிறீங்கள் எண்டதுகளை எழுதினது ஒண்டு ரெண்டு பேர்தான். சாவகச்சேரி அக்கா எல்லாத்தையும் எழுதியிருக்கிறா, அதால முதல் பதில் அவவுக்கு, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: என்ர மனிசனுக்கு 58 வயசு, வெங்காயத் தோட்டம் செய்யிறவர். ஆறேழு மாசமா சாப்பாட்டில மனமே இல்லை டொக்டர். முந்தி ஒரு நீத்துப்பெட்டிப் புட்டைத் தனிய முடிப்பார், இப்ப நாலு வாயோட கோப்பையைத் தள்ளி வைக்கிறார், வயிறு நிறைஞ்சு போச்சாம். பெரிசா நோ இல்லை, நெஞ்சுக்குக் கீழ ஒரு பாரம், ஏப்பம், அவ்வளவுதான். கேஸ்ரைற்றிஸ்தான் எண்டு பாமசியில ஒமெப்பிரசோல் வாங்கிப் போடுறார், போட்டால் சுகம், விட்டால் திரும்பத் தொடங்குது. சாறத்தை இப்ப இறுக்கி இறுக்கிக் கட்டுறார். ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டால் கமரா விடுவினம் எண்டு பயம். முழங்கால் நோவுக்கும் குளிசை எடுக்கிறவர். என்ன செய்யிறது? - வாசகி, சாவகச்சேரி

பதில்: அக்கா, செய்ய வேண்டியதை முதல் சொல்லிப்போட்டு காரணத்தைப் பேந்து சொல்லுறன். அவரை இந்தக் கிழமையே காட்டுங்கோ. உங்கட சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை ஓபிடியில (வெளிநோயாளர் பிரிவில) காட்டினால் காணும், தேவையெண்டால் அவையே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு தருவினம். அரச ஆஸ்பத்திரியில கமரா விட்டு, அதாவது வாயால குழாய் விட்டு இரைப்பையைப் பாக்கிறதுக்குக் காசு இல்லை.

ஏன் இப்பிடி அந்தரப்படுத்துறன் எண்டால் உங்கட கடிதத்தில மூண்டு விசயம் ஒண்டாக் கிடக்கு, வயசு 58, நாலு வாயிலயே வயிறு நிறையிறது, சாறம் தளருறது. இதில ஒண்டு தனிய வந்தால் ஆறுதலாப் பாக்கலாம், மூண்டும் சேந்து வந்தால் அது பாமசியில தீர்க்கிற அலுவல் இல்லை. நிறை எவ்வளவு குறைஞ்சதெண்டு நீங்கள் எழுதேல்லை, வீட்டில தராசு இல்லாட்டி அவற்ற பழைய கிளினிக் கொப்பி ஏதும் இருந்தால் எடுத்துப் பாருங்கோ, ஒருக்காலாவது நிறுத்து எழுதியிருப்பினம். வேணுமெண்டு மெலியாத ஒரு ஆளுக்கு ஆறு மாசத்துக்கும் ஒரு வருசத்துக்கும் இடையில நூற்றுக்கு 5 பங்கு நிறை குறைஞ்சால் நாங்கள் அதைப் பெரிசாத்தான் எடுப்பம், 60 கிலோ ஆளுக்கு அது வெறும் 3 கிலோ, முகத்தில தெரியாது, சாறத்திலதான் தெரியும், நீங்கள் கண்டிருக்கிறீங்கள், நல்ல விசயம்.

இனி ஒமெப்பிரசோல். மருந்து நல்லதுதான், குறை சொல்ல மாட்டன். ஆனா அது செய்யிறது அமிலத்தைக் குறைக்கிறது மட்டும். உள்ளுக்குள்ள இருக்கிறது வெறும் அழற்சியோ, புண்ணோ, இல்லாட்டி புற்று தொடங்கிற இடமோ, எதெண்டாலும் கொஞ்சநாளைக்குச் சுகத்தைத் தந்து ஆளை வீட்டில இருத்திப்போடும். கன மாசம் போட்டிட்டு டக்கெண்டு நிப்பாட்டினால் அமிலம் முந்தியை விடக் கூடச் சுரக்கும், எரியும், உடன வருத்தம் திரும்பிட்டுது எண்டு இன்னொரு காட் வாங்குவார். கேஸ்ரைற்றிஸ் எண்டு இவருக்கு இதுவரைக்கும் ஒரு டொக்டரும் பாத்துச் சொல்லேல்லை எண்டதையும் யோசியுங்கோ, சொன்னது பாமசியில நிண்ட பெடியனும் இவரும்தான்.

முழங்கால் குளிசையை நீங்கள் கடைசியில ஒரு வரியில எழுதிப்போட்டு விட்டிட்டீங்கள், எனக்கு முதல் கண்ணில பட்டது அதுதான். எங்கட தோட்டக்காரர் வீடுகளில அலுமாரித் தட்டில ஒரு சின்ன வெள்ளைக் கடதாசிப் பை கிடக்கும், மருந்தின்ர பேர் இல்லை, திகதி இல்லை, நீலப் பேனையால 1 × 2 எண்டு மட்டும் கிறுக்கியிருக்கும், உள்ளுக்க ரெண்டு நிறத்தில குளிசை. அதில ஒண்டு அனேகமா டைக்ளோபெனாக் இல்லாட்டி ஐபுப்புரோபன் சாதி. இரைப்பையின்ர உட்சுவரில ஒரு சளிப்படை இருக்கு, தன்ர அமிலத்தில இருந்து தன்னைக் காப்பாத்த அது வைச்சிருக்கிற படை. அந்தப் படையைச் சுரக்க வைக்கிற புரோஸ்ரகிளாண்டின் எண்ட பொருளை இந்த நோக்குளிசையள் குறைச்சுப்போடும். வயசுபோன ஆக்களுக்கு நோவே இல்லாமல் புண் வந்து, பசி குறைஞ்சு, ஒருநாள் மலம் கறுப்பா ஒட்டிப்பிடிக்கிற மாதிரிப் போகும், அது இரத்தம். அப்பிடிப் போனால் கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்காதேங்கோ, இரவோ பகலோ உடன ஆஸ்பத்திரி. (இரும்புச்சத்துக் குளிசை போடுறவைக்கும் கறுக்கும், அது வேற.) இப்போதைக்கு அந்தக் குளிசையை நிப்பாட்டி முழங்காலுக்குப் பனடோல் குடுங்கோ. இருதயத்துக்கு எண்டு டொக்டர் தந்த அஸ்பிரின் ஏதும் எடுக்கிறார் எண்டால் அதை மட்டும் தானா நிப்பாட்டக் கூடாது, கேட்டுத்தான். போகேக்க அந்தக் கடதாசிப் பையளையும் குப்பையில போடாமல் கொண்டு போங்கோ.

கமராப் பயம். ஒப்பரேசன் எண்டு நினைச்சுக்கொண்டு கன பேர் வருசக்கணக்காத் தள்ளிப்போடுறீங்கள். முதல் நாள் இரவோட சாப்பாட்டை நிப்பாட்டி வெறும் வயித்தில போறது, தொண்டைக்கு ஒரு மருந்து அடிப்பினம், கைப்பா இருக்கும், நாக்கும் தொண்டையும் விறைச்சுப் போகும். இடப்பக்கம் சரிஞ்சு படுக்கச் சொல்லி, பல்லுக்கு நடுவில ஒரு பிளாஸ்ரிக் வளையத்தைத் தருவினம், அதுக்குள்ளால சின்னவிரலை விட மெல்லிசான குழாய் போகும். ஓங்காளம் வரும், கண்ணால தண்ணி வரும், வாயால வீணி வடியும், வடிய விடுங்கோ, விழுங்கப் பாக்கக் கூடாது, மூக்கால மூச்சு எடுத்தால் சரி. பத்து நிமிசம் வரைக்கும்தான். சின்னத் துண்டு வெட்டி எடுத்து பயொப்சிக்கு அனுப்பினால் "புற்றுநோய் எண்டபடியால்தான் வெட்டினவை" எண்டு வீட்டுக்கு வந்து அழக் கூடாது, இரைப்பையில இருக்கிற எச் பைலோரி எண்ட கிருமியைப் பாக்கவும் அழற்சி எந்தளவு எண்டு பாக்கவும் கன பேருக்கு எடுக்கிறதுதான். தொண்டை விறைப்புப் போற வரைக்கும் தேத்தண்ணி குடிக்க வேண்டாம், புரைக்கேறிப்போடும். கமராவுக்கு முதல் ஒமெப்பிரசோலை நிப்பாட்ட வேணுமோ எண்டும் கேளுங்கோ, அந்தக் குளிசை உள்ளுக்க இருந்தால் சிலவேளை கிருமி இருந்தாலும் இல்லையெண்டு காட்டிப்போடும்.

என்ன இருக்கும் எண்டு கேட்டால், கூடுதலா அழற்சி, கிருமி, நோக்குளிசைப் புண், இதுகளில ஒண்டாத்தான் இருக்கும், மூண்டுக்கும் மருந்து இருக்கு. புற்றுநோயாவும் இருக்கலாம், அதை மறைச்சு எழுதுறது சரியில்லை, அப்பிடி எண்டாலும் இப்பக் காணுறதுக்கும் இன்னொரு ஆறு மாசம் கழிச்சுக் காணுறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

கேள்வி: எனக்கு 34, பசி குறைவு. சிநேகிதி ஒராள் பசிக்கு ஒரு ரொனிக் குடிச்சு நல்லா உடம்பு வைச்சிட்டா. நானும் எடுக்கலாமோ? - வட்டுக்கோட்டை வாசகி

பதில்: அந்த ரொனிக் போத்தலின்ர லேபலை வாசியுங்கோ, சைப்ரோஹெப்ரடின் எண்டு கிடந்தால் அது அலர்ஜிக்கு வந்த மருந்து, பசியைக் கிளப்புறது அதின்ர பக்கவிளைவு, நித்திரையையும் சேத்துக் கிளப்பும். குடிக்கிற வரைக்கும் பசிக்கும், விட்டால் போச்சு, பசி ஏன் குறைஞ்சது எண்ட காரணம் இருந்த இடத்திலயே இருக்கும். வீட்டில வயசுபோன ஆக்களுக்கு இதைக் குடுத்து தடுமாற்றமும் சலம் அடைக்கிறதும் வந்து கொண்டு வாறதைக் கண்டிருக்கிறன், தயவுசெய்து அவைக்குக் குடுக்காதேங்கோ. நீங்கள் முதல் மாதவிடாய் தள்ளிப்போனதோ எண்டு பாருங்கோ, சிரிக்க வேண்டாம், இந்த வயசில அதுதான் முதல் கேள்வி.

கேள்வி: கம்பஸில படிக்கிறன், வயசு 23. கமரா விட்டுப் பாத்து எச் பைலோரி எண்டு 14 நாளைக்கு மூண்டு வகைக் குளிசை தந்தவை. வாய் முழுக்க இரும்பைச் சப்பின மாதிரி ஒரு கைப்பு, தண்ணியும் குடிக்க ஏலாது, அதால ஆறாம் நாளோட விட்டிட்டன். எரிவு இப்ப இல்லை, பசிதான் வரேல்லை. அம்மா எண்டால் ஹொஸ்ரல் சாப்பாட்டு உறைப்பாலதான் எல்லாம் வந்தது எண்டு பேசுறா. - திருநெல்வேலி வாசகர்

பதில்: தம்பி, கைப்பு வந்தது அந்தக் குளிசையளால, கிளரித்ரோமைசின், மெற்றோனிடசோல் ரெண்டும் அப்பிடித்தான், மருந்து முடிய அதுவும் போயிடும், தாறவை இதை முதல்லயே சொல்லி விட்டிருக்க வேணும். இப்ப பிரச்சினை என்னெண்டால் அரைவாசியில விட்டால் சாகாமல் தப்பின கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போடும், அதே மூண்டு குளிசையை நீங்களா வாங்கித் திரும்பப் போட்டுப் பிரயோசனம் இல்லாமல் போகலாம். தந்த டொக்டரிட்டயே போய் ஆறாம் நாள் விட்டனான் எண்டு மறைக்காமல் சொல்லுங்கோ, பேச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கோ, வேற சேர்மானத்தில தருவினம். அதில பிஸ்மத் இருந்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயப்படாதேங்கோ. மெற்றோனிடசோல் எடுக்கிற நாளில பியரும் வேண்டாம் கள்ளும் வேண்டாம், கள்ளு இயற்கைதானே எண்டு சொல்லிக்கொண்டு வராதேங்கோ.

முடிஞ்ச பிறகு கிருமி போச்சோ எண்டு கட்டாயம் பாக்க வேணும், கன பேர் இதை விட்டிடுறீங்கள். கடைசி அன்ரிபயோற்றிக் போட்டு 4 கிழமையாவது கழிச்சு, ஒமெப்பிரசோலை 2 கிழமைக்கு முதலே நிப்பாட்டிப்போட்டு, மல ரெஸ்ற் இல்லாட்டி ஊதிப் பாக்கிற ரெஸ்ற். இரத்தத்தில பாக்கிறதை இதுக்குச் செய்யாதேங்கோ, கிருமி போனாப்பிறகும் கனகாலம் இருக்குது எண்டுதான் காட்டும், காசு வீண், மனவருத்தம் வேற. பசி ஒரு நாளில திரும்பாது. பசியைத் தூண்டுற கிரெலின் எண்ட ஓமோன் கூடுதலாச் சுரக்கிறதே இரைப்பையின்ர உட்சுவரிலதான், 1999இல யப்பான்காரர் கண்டுபிடிச்சவை, அந்தச் சுவர் அழற்சியில கிடக்கேக்க பசி மட்டும் எப்பிடி ஒழுங்கா வரும், ஆற நாள் எடுக்கும்.

அம்மாவுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. உறைப்பும் யோசினையும்தான் இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் எண்டு டொக்டர்மாரே கனகாலம் நம்பின விசயம்தான். 1982இல அவுஸ்ரேலியா பேர்த் நகரத்தில றொபின் வொரனும் பரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினவை, ஆரும் பெரிசா எடுக்கேல்லை, 1984இல மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே எடுத்துக் குடிச்சார், ஒரு கிழமைக்குள்ள பிரட்டலும் சத்தியும் வாய்நாத்தமும், கமரா விட்டுப் பாத்தால் நல்ல அழற்சி. 2005இல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. அதால கட்டைச் சம்பலில பழியைப் போட வேண்டாம், ஏற்கனவே புண்பட்ட வயித்தில உறைப்பு எரியும், அவ்வளவுதான், ஆறும்வரைக்கும் கொஞ்சம் குறையுங்கோ. கிருமி கூடுதலாச் சின்ன வயசில வீட்டுக்குள்ளயே தொத்துறது, உலகத்தில கிட்டத்தட்டப் பாதிச் சனத்திட்ட இருக்கு, அதால உங்களுக்குத் தனிக்கோப்பை தனிக்குவளை எண்டு வைச்சு வீட்டில தீண்டாமை கொண்டாட வேண்டாம். 1994இல உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்று உண்டாக்கிற கிருமி எண்டு பட்டியலில சேத்தது உண்மை, கிருமி இருக்கிற ஆக்களில மிச்சம் கொஞ்சப் பேருக்குத்தான் அப்பிடி வருது எண்டதும் உண்மை, மருந்தை முடிச்சால் அந்தக் கொஞ்சமும் குறையும்.

கேள்வி: வயசு 49, பிறந்ததில இருந்து சைவம், பாலும் எனக்குப் பிடிக்காது. பசி இல்லை, நாக்கு வழுவழு எண்டு சிவந்து எரியுது, கால் ரெண்டும் விறைக்குது, நாலு படி ஏறக் களைக்குது. முருங்கையிலை, பீற்றூட் எல்லாம் சாப்பிட்டுப் பாத்திட்டன். - நல்லூர் வாசகி

பதில்: அம்மா, விற்றமின் பி12 பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, எவ்ப்பிசி எண்ட இரத்தப் பரிசோதனையோட சேத்து. முருங்கையிலை நல்ல சாப்பாடு, ஆனா அதில பி12 இல்லை, எந்தக் கீரையிலயும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, இதுகளிலதான் இருக்கு, நீங்கள் பாலையும் விட்டால் வழமையான சைவச் சாப்பாட்டில வேற வழி இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கு. சிலருக்கு உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே இரைப்பைச் சுவரைத் தாக்கி, வருசக்கணக்கில அது மெலிஞ்சு போகும், நோவே இருக்காது, பி12ஐக் குடல் உறிஞ்சிறதுக்கு இரைப்பை சுரக்க வேண்டிய ஒரு புரதம் இல்லாமல் போயிடும். அவை மீன் சாப்பிட்டாலும் ஏறாது, கூடுதலா ஊசிதான் போடுறது. எதெண்டு பாக்கிறது டொக்டரின்ர வேலை. ஒண்டே ஒண்டு, இரத்தம் குறைவு எண்டு ஆரும் போலிக் அசிட் குளிசையை மட்டும் தந்தால் பி12 பாக்காமல் போடாதேங்கோ, இரத்தம் ஏறின மாதிரிக் காட்டும், காலில போற நரம்பு உள்ளுக்க பழுதாகிக்கொண்டே இருக்கும். ஊசி தொடங்கினால் நாக்கும் பசியும் கெதியாத் திரும்பும், விறைப்புக்கு மாசங்கள் எடுக்கும்.

கேள்வி: நான் லண்டனில இருக்கிறன். அம்மா கரவெட்டியில தனிய, 71 வயசு, 20 வருசமாச் சீனி வருத்தம். வீடியோ கோலில நல்லா மெலிஞ்சு தெரியிறா. கேட்டால் பசிக்கேல்லை எண்டுறா, தேத்தண்ணியும் ரெண்டு மாரி பிஸ்கற்றும்தான். உதவிக்கு வாற பிள்ளை சொல்லுறா, மத்தியானம் சாப்பிட்ட சோத்தைப் பின்னேரம் ஆறு மணிக்கு அப்பிடியே சத்தி எடுத்தவவாம். - ஒரு மகள்

பதில்: பிள்ளை, முதல் அம்மாவின்ர சீனிக் குளிசையைக் கவனியுங்கோ. சாப்பாடு குறைஞ்ச ஆள் பழைய அளவிலயே கிளிக்கிளசைட் சாதிக் குளிசையோ இன்சுலினோ எடுத்தால் சீனி கீழ இறங்கி இரவில மயங்கிப் போவா, தனிய இருக்கிற மனிசி, ஆருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையை விட்டு நாளைக்கே மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ.

மெற்போமின் எண்ட சீனிக் குளிசை எடுக்கிறா எண்டால் அதுவே பசியைக் குறைக்கும், பிரட்டும், கனகாலம் எடுத்தால் பி12உம் குறையும். சிறுநீரகம் பழுதாகினாலும் பசி போகும், 20 வருசச் சீனிக்கு அதையும் இரத்தத்தில பாக்க வேணும். ஆனா என்னை யோசிக்க வைக்கிறது அந்தப் பின்னேரச் சத்திதான். சோறு மாதிரிச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க ஒரு நாலு மணித்தியாலம் காணும், ஆறு மணிக்கும் சோறு சோறாவே வருதெண்டால் ஒண்டில் இரைப்பையால சாப்பாடு வெளிய போற வாசல் ஒடுங்கியிருக்க வேணும், இல்லாட்டி இரைப்பையை அசைக்கிற நரம்பு சீனியால கெட்டிருக்க வேணும். முதலாவது இல்லையெண்டு கமரா விட்டு நிச்சயப்படுத்தினாப்பிறகுதான் ரெண்டாவதைக் கதைக்கலாம். டொம்பெரிடோன் எண்டு ஒரு குளிசை சனம் சும்மா வாங்கிக் குடுக்கிறது, இருதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய சாமான், இந்த வயசில டொக்டர் சொல்லாமல் வேண்டாம்.

சாப்பாடு எண்டால், நரம்புப் பிரச்சினை எண்டு முடிவானால் எங்கட வழக்கமான புத்திமதி எல்லாம் தலைகீழாகும். குரக்கன் பிட்டு, ஒடியற்கூழ், கீரை எண்டு நார்ச்சத்தா ஏத்தக் கூடாது, இறங்காது. தேங்காய்ப்பால் முதற்பாலும் பொரியலும் இன்னும் சுணக்கும். குழைய வடிச்ச சோறு, கட்டிப்பால் விடாத சொதி, முள்ளெடுத்த மீன், அவிச்சு மசிச்ச பூசணி, அரிசிக்கஞ்சி, அதையும் மூண்டு நேரமா இல்லாமல் அஞ்சாறு தரமா ஒரு சின்னக் கோப்பையில. சாப்பிட்ட உடன படுக்க விடாதேங்கோ. கஞ்சியால சீனி ஏறும்தான், அதுக்கு மருந்தைக் கிளினிக்கில சரிப்படுத்துவினம், சீனி ஏறும் எண்டு பயந்து ஆளைப் பட்டினி போடக் கூடாது. வெத்திலை புகையிலை போடுறவவோ எண்டு கேளுங்கோ, எங்கட அம்மாமார் பசியை அதாலதான் கடத்துறவை.

இன்னுமொண்டு, ரெஸ்ற் எல்லாம் சரியா வந்தாலும் இதை மறக்காதேங்கோ. ஒராளுக்கு எண்டு அடுப்பு மூட்ட எந்த மனிசிக்கும் மனம் வராது. நித்திரை இல்லை, கோயிலுக்கும் போறேல்லை, ஒண்டிலயும் பிடிப்பில்லை எண்டு இருந்தால் அது மனச்சோர்வு, அதுக்கும் மருந்து இருக்கு, பைத்தியத்துக்குக் குடுக்கிற மருந்து எண்டு சொந்தக்காரர் சொல்லுவினம், கேக்காதேங்கோ. உதவிக்கு வாற பிள்ளையை அம்மாவோட இருந்து சாப்பிடச் சொல்லி அதுக்கும் சேத்துக் காசு அனுப்புங்கோ, ரொனிக்குக்கு அனுப்பிறதை விடப் பிரயோசனம்.

கேள்வி: நாள்பட்ட கேஸ்ரைற்றிஸ் எண்டு கமராவில சொன்னவை, மருந்து எடுத்து இப்ப பசியும் வந்திட்டுது. கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கலாமோ? - மானிப்பாய் வாசகர்

பதில்: புண் ஆறியிட்டுது எண்டு டொக்டர் சொல்லியிருந்தால், சீனி வருத்தமும் இல்லையெண்டால், பிடிக்கலாம், ஆனா தண்ணியை மட்டும் குடிச்சுக்கொண்டு ஆறு நாளும் இருக்கிற உபவாசம் உங்களுக்கு வேண்டாம், பின்னேரம் ஒருநேரம் பாலும் பழமும் எடுங்கோ, குளிசையையும் தவற விடாதேங்கோ, முருகன் கோவிக்க மாட்டார். வயிறு எரியுது எண்டு வெறும் பிளேன்ரீயை மாறி மாறிக் குடிக்கிறது, பாலை அடிக்கடி குடிக்கிறது, ரெண்டும் வேண்டாம், பால் அந்த நேரம் தணிச்சுப்போட்டுப் பேந்து அமிலத்தைக் கூட்டும். ஆபத்து கூடுதலா வாறது பாறணை அண்டைக்குத்தான், ஆறு நாள் காஞ்ச வயித்துக்கு விடிய விடியக் காலமை பத்துக் கறியும் மிளகாய்ப் பொரியலும் வடையும் போட்டு அடைச்சுப்போட்டு, மத்தியானம் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு ஓபிடி வாங்கிலில வந்து இருப்பீங்கள். முதல் கொஞ்சம் கஞ்சி, ஒரு மணித்தியாலம் விட்டு ரெண்டு அகப்பை சோறும் பருப்பும், வடையைப் பின்னேரத்துக்கு எடுத்து வையுங்கோ.